தாய்மாமன் சிரிப்பு

மிளகாய் வத்தல் கடைக்குள் ஏறி வருகிறவர் எதற்காக வருகிறார் என்பதைத் தும்மலை வைத்தே சொல்லிவிடலாம். வாங்க வந்த வியாபாரி தும்மலை அடக்கிக்கொள்வார்; காரமான சரக்கு என்று மூக்கு காட்டிக்கொடுத்தால் விலை ஏறிவிடும். தன் காட்டில் விளைந்ததை விற்க வந்த சம்சாரி வராத தும்மலையும் வரவழைத்துத் தும்முவார். சோதனைக்கு வரும் அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றுவிடுவார். அன்று காலை ஆனைப்பேட்டை வத்தல் பஜாரில் பொன்னுலிங்கத்தின் கடையேறிய பெண் இந்த மூன்று வகையிலும் சேரவில்லை. மனசாரத் தும்மினாள். தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில் கிடைத்த சந்தில், "அண்ணாச்சி, பொன்னுலிங்கம் நீங்கதானே?" என்று கேட்டாள்.

அவள் கையில் மடித்துப் போட்டிருந்த கறுப்பு அங்கியைப் பார்த்ததுமே பொன்னுலிங்கம் கல்லாவை இழுத்து மூடினார்.

"நான் எஸ்தர். வக்கீல். காசிராஜன் மேல்முறையீட்டுல அவருக்காக ஆஜராகுறேன்."

அந்தப் பெயரைக் கேட்டால் பொன்னுலிங்கத்தின் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். மூடியதும் படம் ஓடத் தொடங்கும். எதிரே செக்கடிச் சந்து. உச்சி வெயில். சந்துக்குள்ளிருந்து ஓர் ஆள் வருகிறான், கையில் அரிவாள். முனையில் நின்று கடைப்பக்கம் திரும்புகிறான். பல்வரிசை முழுக்கத் தெரியச் சிரிக்கிறான். படத்தின் வலது மூலையில் அரசாங்க முத்திரை. அதற்குக் கீழே வழக்கு எண்.

இந்த முத்திரைதான் நாலு வருஷமாக அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. லாரி புக்கிங் ஆபீஸ் ஏகாம்பரத்தை அந்தச் சந்துக்குள் வெட்டிப் போட்ட அன்று ஆனைப்பேட்டை வானத்தில் முத்திரை எதுவும் தொங்கியிருக்க வழியில்லை. பின்னே அது எப்படி உள்ளே வந்தது? மனைவி சொர்ணத்திடம் ஒருமுறை கேட்டார். "கண்ணாடியை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு அவள் பருப்புக் கடையப் போய்விட்டாள்.

பொன்னுலிங்கத்தின் கண்ணுக்கு அந்த ஊரில் ஒரு மரியாதை உண்டு. ஒருமுறை கடைப்படி ஏறியவர் பல வருஷம் கழித்துத் தாடியும் தொந்தியுமாக வந்தாலும், "என்ன வே, அப்பாவுக்கு மூட்டுவலி தேவலையா?" என்று கேட்பார். வந்தவர் ஆடிப்போவார், ஆடிப்போனவரிடம் பேரம் சுலபம். அப்படிப்பட்ட கண் கொலைகாரனைப் பார்த்துவிட்டது என்றதும் போலீசுக்குக் கொண்டாட்டம். மறுநாளே அவரை மீள்காட்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். சாட்சி வாயால் சொன்னதெல்லாம் பழைய காலம். இப்போது தலையில் குல்லாயை மாட்டிவிட்டால், கண்டது அப்படியே திரையில் வந்து நிற்கும். குல்லாய்க்குள் வழுவழுவென்று எதையோ தடவி, ஆபரேட்டர் தியாகு, "ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணாச்சி, நெனச்சுக்கிட்டே இருங்க" என்றான். நினைத்தார். திரையில் முகம் வந்தது. "இவ்வளவு தெளிவாவா பாத்தேன்?" என்று அவருக்கே ஆச்சரியம். கூட இருந்த எஸ்.ஐ. முதுகில் தட்டிக்கொடுத்ததும் ஆச்சரியம் பெருமையாகிவிட்டது.

முகம் லாரி டிரைவர் காசிராஜனுடையது. கொலைக்கு முந்தின நாள் லாரி நிறுத்துவதில் ஏகாம்பரத்துக்கும் அவனுக்கும் பஜாரே வேடிக்கை பார்க்கச் சண்டை. முகமும் சண்டையும் டப்பாவும் மூடியுமாகப் பொருந்திவிட்டன. விசாரணை நீதிபதி அந்தச் சிரிப்பைத்தான் தீர்ப்பில் பத்தி பத்தியாக எழுதினார். உயிரைப் பறித்த கையோடு சிரித்தவனுக்கு இரக்கம் கிடையாது. சாகும்வரை சிறை, தண்டனைக் குறைப்பு இல்லை. டி.வி.க்காரர்கள் ஒரு வாரம் அந்தச் சிரிப்பைப் போட்டுப் போட்டுக் காட்டினார்கள்.

"நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு தாயி. ஒரு வெலை சொன்னா சொன்னதுதான்" என்றார் பொன்னுலிங்கம்.

"வெலையை நீங்களா சொன்னீங்க? மெஷின்ல்லா சொல்லுச்சு."

"என் சரக்குத்தானே அது?"

"அதைத்தான் பாக்கணும்ங்குறேன். உங்க சரக்கா, வெளிச்சரக்கு கலந்திருக்கான்னு."

பொன்னுலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கலப்படம் என்ற பேச்சை எடுத்தால் எந்த வத்தல் வியாபாரியும் நிமிர்வார். வக்கீலம்மாவுக்குப் பேரம் தெரிந்திருந்தது.

"ஐகோர்ட் உத்தரவு வாங்கியிருக்கேன். நீங்க இன்னொரு தரம் குல்லாய் மாட்டணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட நான் எதையும் காட்டக் கூடாது, எதையும் சொல்லக் கூடாது. கேக்க மட்டும் செய்யலாம். அந்தச் சந்து முனையில, சிரிச்ச ஆளுக்கு மேல, என்ன இருந்துச்சு?"

"மேல என்ன? வானம்."

"வேற?"

"கரண்ட் கம்பி. காக்கா."

"காக்கா எங்க இருந்துச்சு? ஃப்ளெக்ஸ்ல்லா தொங்குச்சு!" என்று உள்ளேயிருந்து வந்தாள் சொர்ணம். "காதணி விழா ஃப்ளெக்ஸு. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமா. அதுல அந்தத் தாய்மா..."

"அம்மா, வாயை மூடுங்க!" என்று எஸ்தர் கத்தியே விட்டாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு, "மன்னிச்சிருங்கம்மா. இனிமே இவர் நெனப்புல ஃப்ளெக்ஸ் வந்தா, இவரு பாத்ததா நீங்க சொன்னதான்னு அரசு வக்கீல் என்னைக் குடைஞ்சு எடுத்துருவாரு" என்றாள்.

"நான் சொல்லி இவுஹ எதைக் கேட்டிருக்காவ? கவலைப்படாம போங்க" என்றாள் சொர்ணம்.

பொன்னுலிங்கம் எதிர்ச் சந்தைப் பார்த்தார். வானம், கம்பி, காக்கா. ஃப்ளெக்ஸ் கிடையாது. இருந்ததா? ஆனைப்பேட்டையில் ஃப்ளெக்ஸ் இல்லாத தெரு ஏது? பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. யார் பார்க்கிறார்கள்? வத்தல் நெடி மாதிரிதான். உள்ளேயே இருப்பவனுக்குத் தெரியாது.

"நான் வரலைன்னா?" என்று கேட்டார்.

"காசிராஜன் உள்ளேயே கெடந்து சாவான். வேற சாட்சி கெடையாது, தடயம் கெடையாது. அவனை உள்ள வச்சிருக்கிற பூட்டு, சாவி ரெண்டும் உங்க தலைக்குள்ளதான் இருக்கு."

"எந்தத் தேதிக்கு வரணும்?" என்று கேட்டார் பொன்னுலிங்கம்.

மீள்காட்சிக் கூடம் முன்பைவிடப் பளபளப்பாகியிருந்தது. தியாகுவுக்கு முன்மண்டை வழுக்கை விழுந்திருந்தது. உயர் நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர் ஒருவர் மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அரசு வழக்கறிஞர் மாணிக்கவேல் தங்கப் பிரேம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

குல்லாய் ஏறியது. பொன்னுலிங்கம் நினைத்தார். திரையில் சந்து வந்தது, வெயில் வந்தது, அரிவாள் வந்தது, சிரிப்பு வந்தது. எல்லாம் முன்பு மாதிரியே.

"பாத்துக்கோங்க கமிஷனர் சார்! நாலு வருஷம் ஆகியும் அட்சரம் பிசகலை. இதைவிட நம்பகமான சாட்சி உண்டா?" என்றார் மாணிக்கவேல்.

"அந்த வலது மூலையில என்ன சார்?" என்றாள் எஸ்தர்.

எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள். முத்திரை இருந்தது. வழக்கு எண் இருந்தது.

"மெஷின் போட்டதா இருக்கும்" என்றார் மாணிக்கவேல்.

தியாகு தலையைச் சொறிந்தான். "இல்ல சார். நான் இன்னும் முத்திரை போடலை. இது அண்ணாச்சி தலைக்குள்ள இருந்து வருது."

"அப்பவே என் பொஞ்சாதி கண்ணாடியை மாத்தச் சொன்னா" என்றார் பொன்னுலிங்கம் குல்லாய்க்கு அடியிலிருந்து. தன்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. எல்லா சாட்சிக்கும் ஆகிறதுதான், வெளியில சொல்ல மாட்டாங்க" என்றான் தியாகு. "நாங்க எடுத்த படத்தை உங்களுக்குக் காட்டினோம், கோர்ட்டுல காட்டினாங்க, டி.வி.யில காட்டினாங்க. பழைய நெனப்பு இருந்த இடத்துல இந்தப் படம் வந்து உக்காந்துருச்சு. இப்ப நான் எடுக்கிறது உங்க நெனப்பை இல்ல, என் படத்தை."

"ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ்" என்றாள் எஸ்தர்.

"சரி, முதல் பிரதி அசல்தானே?" என்றார் மாணிக்கவேல் விடாமல்.

தியாகு கமிஷனரைப் பார்த்தான். சொல்லலாமா என்று கேட்பதுபோல இருந்தது. அவர் பேனாவால் சைகை காட்டினார்.

"மெஷின் போட்டோ எடுக்கிறதா எல்லாரும் நெனக்கிறாங்க சார். அது கேள்விதான் கேக்குது. மூக்கு எப்படின்னு கேக்கும். மூளை ஒரு மூக்கைக் குடுக்கும். உதடுன்னு கேக்கும், ஒரு உதட்டைக் குடுக்கும். மூக்கைப் பாக்கவே இல்லைன்னா, இல்லைன்னு சொல்லணும்ல? சொல்லாது. பக்கத்துல கெடக்கிற மூக்கை எடுத்துக் குடுத்துரும்."

இதுவரை எதுவும் விளங்காமல் உட்கார்ந்திருந்த பொன்னுலிங்கத்துக்கு இது ஒன்று மட்டும் சடாரென்று விளங்கியது. தன் மூளை தன்னைப் போலவே ஒரு கடைக்காரன். வந்த வாடிக்கையாளரிடம் சரக்கு இல்லை என்று சொல்லி அனுப்ப எந்தக் கடைக்காரனுக்கு மனசு வரும்? சம்பா வத்தல் கேட்டால், இல்லாவிட்டால் குண்டு வத்தலை எடுத்து வைத்து, "இதுவும் அதேதான் வே" என்பார்கள். அவரே எத்தனை முறை சொல்லியிருப்பார்!

எஸ்தர் ஒரு படத்தைத் தியாகுவிடம் கொடுத்தாள். இப்போது காட்டலாம் என்று கமிஷனர் அனுமதித்தார். திரையின் மறுபாதியில் ஒரு ஃப்ளெக்ஸ் விரிந்தது. பூ, தோரணம், இரண்டு குழந்தைகள், அவர்களைச் சுற்றிச் சிறிது சிறிதாக ஊர்ப்பட்ட சொந்தக்காரர்கள். நடுவில் எல்லாரையும்விடப் பெரிதாக, கை கூப்பி, பல்வரிசை முழுக்கத் தெரிய ஓர் ஆள் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே சிவப்பு எழுத்தில்: 'தாய்மாமன் காசிராஜன் சீர் வருகை!'

"காசிராஜன் தங்கச்சி பிள்ளைகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் படம் பெருசா இல்லைன்னா சண்டை வந்துருமே, அதான் நடுவுல போட்டிருக்காங்க. கொலைக்கு முந்தின வாரம் பூரா இது அந்தச் சந்து முனையில, அண்ணாச்சி உக்காந்த எடத்துக்கு நேர் எதிர்ல தொங்குச்சு" என்றாள் எஸ்தர்.

தியாகு இரண்டு முகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். நெற்றி நெற்றியிலும், மீசை மீசையிலும் உட்கார்ந்தது. உதட்டோரத்தில் சிரிப்பில் விழுந்த மடிப்புகூட ஒரே இடத்தில்.

"அவனும் அவன்தான், இவனும் அவன்தான். பொருந்தாம என்ன செய்யும்?" என்றார் மாணிக்கவேல்.

"காசிராஜனுக்கு முன்பல் பாதி இல்லை சார். சின்ன வயசுல ஜாக்கி தெறிச்சு உடைஞ்சது. அந்த வெக்கத்துல அவன் சிரிக்கவே மாட்டானாம். விசாரணைக் கோர்ட்டுல இதைச் சொன்னதுக்கு, சின்ன முரண்பாடுன்னு தள்ளிட்டாங்க. அவன் தங்கச்சிகிட்ட, அண்ணன் சிரிச்ச போட்டோ ஒண்ணாவது இருக்கான்னு கேட்டேன். ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. ஸ்டுடியோக்காரர் சிரிச்சாத்தான் எடுப்பேன்னு அடம்பிடிச்சிருக்காரு. நிறத்தைக் கொஞ்சம் ஏத்தி, மீசையைக் கறுப்பாக்கி, பல்லையும் அவரே கம்ப்யூட்டர்ல கட்டிக் குடுத்துட்டாரு."

திரையில் கொலைகாரனின் வாய்க்குள் முழுப் பல் ஒன்று பளீரென்று மின்னியது. ஆனைப்பேட்டை ஸ்டுடியோக்காரர் கட்டிய பல்.

மாணிக்கவேல் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். கமிஷனர்தான் கேட்டார்: "இந்த முகத்தை நீக்கிட்டுக் கேட்டா, அடியில என்ன இருக்குன்னு தெரியுமா?"

"கேட்டுப் பாக்கலாம் சார்" என்றான் தியாகு, அரைமனதாக.

பொன்னுலிங்கம் கண்ணை இறுக மூடினார். அதே சந்து, அதே அரிவாள். ஆள் திரும்பினான். கழுத்துக்கு மேல் சற்று நேரம் புகைமூட்டமாக இருந்தது. பிறகு முகம் தெளிந்தது. எஸ்தர் அரிவாளோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தாயி... நீங்க அன்னைக்கு இந்தப் பக்கம் வரலையே?" என்று பொன்னுலிங்கம் பணிவாகக் கேட்டார்.

"நான் அப்பக் காலேஜுல படிச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி!"

தியாகு அதையும் நீக்கினான். அடுத்து வந்த முகத்தில் தங்கப் பிரேம் கண்ணாடி இருந்தது. மாணிக்கவேல் எழுந்து, இந்தச் சோதனையை இதோடு நிறுத்த வேண்டும் என்று கமிஷனரிடம் ஆட்சேபம் தெரிவித்தார்.

குல்லாயைக் கழற்றும்போது பொன்னுலிங்கம் தியாகுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் பாத்த மூஞ்சி எங்க தம்பி?"

"பாக்காமலே இருந்திருக்கலாம் அண்ணாச்சி. அந்த வெயில்ல முதுகை மட்டும் பாத்திருப்பீங்க."

"இல்ல, காசிராஜனையே பாத்திருந்து, கண்ணு கூசி, அந்த மூஞ்சி மேலயே ஃப்ளெக்ஸ் மூஞ்சியை ஒட்டியிருக்கவும் செய்யலாம்ல?"

தியாகு அவரைப் பாவமாகப் பார்த்தான். "அதுவும் இருக்கலாம்."

உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள். மூத்தவர் கேள்வி கேட்பார். இளையவர் சாட்சியையே பார்த்துக்கொண்டிருப்பார். பொன்னுலிங்கத்துக்கு இளையவரிடம்தான் பயம்.

"காசிராஜனை உங்களுக்குத் தெரியுமா?" என்றார் மூத்தவர்.

"தெரியும்யா."

"எப்படித் தெரியும்?"

"அவர்தான்யா கொலை செஞ்சது."

எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதை நீங்கள் பார்த்தீர்களா?"

"பாத்தேன்யா. கோர்ட்டுல போட்டாங்க. டி.வி.யிலயும் போட்டாங்க."

"அதற்கு முன்னால்?"

பொன்னுலிங்கம் வாயைத் திறந்தார். ஆயுசில் முதல்முறையாக, கேட்ட சரக்கு கடையில் இல்லை. இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. பக்கத்தில் கிடப்பதை எடுத்துக் கொடுக்கவும் பயமாக இருந்தது. "அதுக்கு முன்னாடி... அதுக்கு முன்னாடி ஃப்ளெக்ஸ்ல பாத்திருக்கேன்யா" என்றார்.

அடுத்து, அன்று முதுகில் தட்டிக்கொடுத்த எஸ்.ஐ. கூண்டேறினார். அவர் இப்போது இன்ஸ்பெக்டர். சம்பவ இடத்தின் புகைப்படத்தில் ஃப்ளெக்ஸ் ஏன் இல்லை என்று கேட்டாள் எஸ்தர். அவர் சுற்றி வளைத்தார். பொன்னுலிங்கம் பேரத்தில் எத்தனையோ சுற்றுவழிகளைப் பார்த்தவர். இந்த ஆள் சுற்றுவது சரக்கு சொத்தை என்பதால்தான் என்று உடனே பிடிபட்டுவிட்டது. கடைசியில் வந்தது உண்மை. அனுமதி இல்லாமல் கட்டிய ஃப்ளெக்ஸ் அது. ரோட்டின் குறுக்கே ஃப்ளெக்ஸ் கட்டக் கூடாது என்று இதே நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்த சமயம். சம்பவ இடத்தைப் பார்க்கப் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும், படம் எடுப்பதற்கு முன்னால் அதை அவிழ்த்துச் சுருட்டி ஸ்டேஷன் மாடியில் போட்டுவிட்டார். சம்பவ இடத்தைப் பற்றிய மகஜரில், 'குறிப்பிடும்படி வேறு எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டார்.

"கொலை நடந்த இடத்தை மாற்றியிருக்கிறீர்கள்" என்றார் இளைய நீதிபதி. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"மாத்தலை மை லார்ட். சுத்தம் பண்ணினேன்."

கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதிகள் சிரிக்கவில்லை. மூத்தவருக்கு ஃப்ளெக்ஸ் கட்டியதில்தான் கோபம் அதிகம் என்று பொன்னுலிங்கத்துக்குத் தோன்றியது. அரை மணி நேரம் அதைப் பற்றியே திட்டினார்.

தீர்ப்பும் அப்படித்தான் வந்தது. சம்பவ இடம் கலைக்கப்பட்டது. சாட்சி அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே எதிரியான காசிராஜனின் முகம் ஒரு வாரம் தொங்கியதை மறைத்து மீள்காட்சி எடுக்கப்பட்டது. நடைமுறை கெட்டபின் அதில் விளைந்த சாட்சியம் செல்லாது. சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்கிறோம்.

வராந்தாவில் காசிராஜனின் தங்கை எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் நகர்ந்ததும் பொன்னுலிங்கம் மெதுவாகப் பக்கத்தில் போனார்.

"அப்ப அவன் செய்யலை. அப்படித்தானே தாயி?"

"அதைத் தீர்ப்புல சொல்லலை அண்ணாச்சி."

"அப்ப செஞ்சானா?"

"அதையும் சொல்லலை."

"பின்ன இத்தனை பேரும் காலையில இருந்து என்னத்தைத்தான் பேசுனீங்க?"

எஸ்தர் அங்கியை மடித்தாள். "அவன் செஞ்சான்னு காட்டின விதம் தப்புன்னு பேசினோம். என் வேலை அவ்வளவுதான்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தோணுறதை நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. உங்களைப் பாத்து இன்னும் கெட்டியா முடிவு பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி, கொலைகாரனை வெளியே விட்டுவிட்டார் என்று பொன்னுலிங்கத்தை ஏசியது. மறு பாதி, ஓர் அப்பாவியை நாலு வருஷம் உள்ளே வைத்தவர் என்று ஏசியது. இரண்டு பாதியும் வத்தல் வாங்க மட்டும் அவரிடமே வந்தது. ஏகாம்பரத்தின் மகன் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். பழைய ஆட்களிடம் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் வழக்கத்தைப் பொன்னுலிங்கம் விட்டுவிட்டார். வந்தவர்களே தங்கள் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம், பஜார் சாப்பாட்டுக்கு அடங்கிய நேரம், காசிராஜன் கடைப்படியேறி வந்தான். இளைத்திருந்தான். வெளுத்திருந்தான். பொன்னுலிங்கத்தின் கை தானாகக் கல்லாவின் விளிம்பைப் பிடித்தது.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. சண்டைக்கு வரலை." அவன் பேசும்போது பாதிப் பல் தெரிந்தது, உடனே உதட்டை மூடிக்கொண்டான். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வேற யாருகிட்டயும் கேக்க முடியாது."

"உக்காரு."

மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"ஜெயில்ல மனந்திருந்துற வகுப்புன்னு ஒண்ணு உண்டு. வாராவாரம் நம்ம கேஸோட மீள்காட்சியை நமக்கே போட்டுக் காட்டுவாங்க. பாத்துட்டு, செஞ்சது தப்புன்னு சொல்லணும். சொல்லலைன்னா தங்கச்சியைப் பாக்க விட மாட்டாங்க. மொதல்ல மொறச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் சும்மா வாயால சொல்லிவச்சேன். சொல்லிச் சொல்லி..." நிறுத்தினான். "இப்பக் கண்ணை மூடினா நான் வெட்டுறேன் அண்ணாச்சி. கையில அந்த அரிவாளோட பாரம் தெரியுது. ஏகாம்பரம் மொதலாளி கத்துறது கேக்குது."

"படம் பாத்துப் பாத்து வந்த நெனப்புடா அது. எனக்கும் அப்படித்தான். அந்த ஆபரேட்டர் தம்பி சொன்னான்..."

"நானும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா அண்ணாச்சி, அந்தப் படம் நீங்க பாத்த படம். உங்க கண்ணுல இருந்து எடுத்தது. அதுல நீங்க கெடையாது." அவன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "எனக்கு நீங்க தெரியுறீங்க. சந்து முனையில திரும்பிப் பாக்கேன், நீங்க இந்த எடத்துல எழுந்து நிக்கீங்க. தோள்ல பச்சைத் துண்டு. அது படத்துல இல்ல, யாரும் எனக்குக் காட்டலை. எங்க இருந்து வந்துச்சு?"

பொன்னுலிங்கத்தின் கை தோளுக்குப் போனது.

"அன்னைக்கு உங்க தோள்ல பச்சைத் துண்டு கெடந்துச்சா? கெடந்திருந்தா நான்தான். நானே ஸ்டேஷனுக்குப் போயிருதேன். இல்லைன்னா நான் இல்ல. வீட்டுக்குப் போயித் தூங்குவேன். ஒண்ணைச் சொல்லுங்க."

பொன்னுலிங்கம் அந்த நாளுக்குள் போய்த் தேடினார். சந்து இருந்தது, அரிவாள் இருந்தது, வெயில் இருந்தது. தன்னை மட்டும் காணோம். தன் கை, கால், தோள் எதுவும் அந்தப் படத்தில் இல்லை. வீட்டில் பச்சைத் துண்டு உண்டு. மஞ்சளும் உண்டு, வெள்ளையும் உண்டு. இவன் தினம் இந்தப் பஜார் வழியே லாரி ஓட்டிப் போனவன். பச்சைத் துண்டை வேறு ஏதோ ஒரு நாளில் பார்த்து, அந்த நாளில் ஒட்டியிருக்கலாம். ஒட்டாமலும் இருக்கலாம். நிஜமாகவே திரும்பிப் பார்த்திருக்கலாம்.

காசிராஜன் மூச்சு விடாமல் காத்திருந்தான். ஏகாம்பரத்தின் மகன் அந்த நேரம் பார்த்து எதிர்ச் சாரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். பொன்னுலிங்கம் அவனைப் பார்த்தார். பிறகு மூட்டை மேல் இருந்தவனைப் பார்த்தார்.

"மஞ்ச" என்றார்.

"நல்லா ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?"

"என் துண்டு எனக்குத் தெரியாதா? மஞ்சத் துண்டு. பச்சையைச் சொர்ணம் தொவச்சுப் போட்டிருந்தா."

காசிராஜனின் தோள்கள் தளர்ந்தன. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எழுந்து, கும்பிட்டு, படியிறங்கி, வெயிலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் மறையும்வரை பொன்னுலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது சரியா, தப்பா? ஒரு கொலைகாரனை வீட்டுக்கு அனுப்பினாரா, ஓர் அப்பாவியைத் தூங்க அனுப்பினாரா? மெல்லக் கண்ணை மூடினார்.

கடை தெரிந்தது. கல்லாவுக்குப் பின்னால் அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தோளில் மஞ்சள் துண்டு, ஓரத்து நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரியும்படி, அவ்வளவு தெளிவாகக் கிடந்தது.